ஹெர்க்குலிஸ் அல்லாதவன்: ‘ஹாம்லெட்’ நாடகத்தில் தொன்மக் குறிப்பும் பாத்திர இயல்பும்

பொருளும் எல்லையும்

நாடகத்தில் ஆசிரியர் தம் குரலில் பேசுவதில்லை. காப்பியப் புலவரைப் போலவோ புதின ஆசிரியரைப் போலவோ இடையே புகுந்து, இப்பாத்திரத்தின் உள்ளம் இத்தகையது என்று விளக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லாமையால், பாத்திரத்தின் இயல்பு முழுவதும் அதன் செயலிலிருந்தும் பேச்சிலிருந்துமே அவையினருக்குப் புலனாக வேண்டும். பேச்சிலும்கூட, ஒருவர் நேராகச் சொல்லும் கருத்தைவிட அக்கருத்துக்கு ஒப்பாக எதைத் தேடிக் கொண்டுவருகிறார் என்பதே பல வேளைகளில் அவர் மனத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அவ்வாறு கொண்டுவரப்படும் ஒப்புப் பொருள்களுள் கிரேக்க, உரோமானியத் தொன்மங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் அவை பாத்திர இயல்பை எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என்பதை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

தொன்மம் என்பது ஒரு சமுதாயம் தன் கடவுளரையும் வீரரையும் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. தொன்மக் குறிப்பு என்பது அக்கதையை விரித்துரைக்காமல், ஒரு பெயரையோ ஒரு நிகழ்ச்சியையோ மட்டும் சுட்டிவிட்டு, எஞ்சியதைக் கேட்போர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ளுமாறு விடுவது. சுருக்கம் இதன் சிறப்பு. அச்சுருக்கத்திலேயே ஓர் இடரும் இருக்கிறது. பேசுபவர் கதையின் ஒரு கூற்றை மனத்தில் வைத்துப் பெயரைச் சொல்லலாம். ஆனால் பெயர் வரும்போது முழுக் கதையும் உடன் வந்துவிடுகிறது. தொல்காப்பியம் வகுக்கும் உள்ளுறை உவமத்தில், வெளிப்படக் கூறாத பொருளைக் கேட்போர் உய்த்துணர வேண்டும் என்ற கருத்தோடுதான் பாட்டு அமைகிறது. இங்குக் காணவிருக்கும் குறிப்புகளிலோ, மறைபொருள் நாடக ஆசிரியர் அறிந்ததாகவும் பேசும் பாத்திரம் அறியாததாகவும் இருக்கிறது. ஹாம்லெட் சொல்ல நினைத்ததற்கும், அவன் சொன்ன பெயர் சொல்லிவிடுவதற்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டில்தான் அவன் இயல்பு வெளிப்படுகிறது.

நூல் கற்ற பழிவாங்கி

தந்தையைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்கும் இளவரசனின் கதை ஷேக்ஸ்பியருக்கு முற்பட்டது. டென்மார்க்கின் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமாட்டிக்கஸ் 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலத்தீனில் எழுதிய வரலாற்றில் வரும் ஆம்லெத், பித்தன் போல் நடித்துக் காலம் பார்த்திருந்து, அரசவையினர் குடித்து மயங்கிக் கிடந்த மாளிகைக்குத் தீயிட்டுத் தன் பழியைத் தீர்த்துக்கொள்கிறான். அவன் சூழ்ச்சி வல்லவன். ஆனால் மாணவன் அல்லன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டோ 1502-இல் நிறுவப்பெற்ற விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் மாணவன்; தந்தையின் இறப்பினால் படிப்பை விட்டு வந்து, திரும்பிச் செல்ல விரும்பியும் தடுக்கப்பட்டவன். கதை நாயகனைப் படித்தவனாக்கிய இம்மாற்றத்தால், பழிவாங்கும் கடமை புத்தகங்கள் நிறைந்த ஒரு மனத்தின் மேல் சுமத்தப்படுகிறது.

அக்காலத்து இங்கிலாந்தில் இலக்கணப் பள்ளி எனப்பட்ட இலத்தீன் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு ஓவிடும் வர்ஜிலும் பழகிய ஆசிரியர்கள். ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ நூலை ஆர்தர் கோல்டிங் ஆங்கிலச் செய்யுளில் பெயர்த்து 1567-இல் முழுமையாக வெளியிட்டார்; செனக்காவின் துன்பியல் நாடகங்கள் தாமஸ் நியூட்டன் தொகுப்பில் 1581-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன; டிராய் நகர அழிவை ஈனியஸ் எடுத்துரைக்கும் காட்சியைக் கொண்ட ‘கார்தேஜ் அரசி டைடோ’ என்னும் மார்லோவின் நாடகம் 1594-இல் அச்சேறியது. ஆகவே ‘ஹாம்லெட்’ 1600-ஐ ஒட்டி மேடையேறியபோது, நயோபி என்றோ ஹெக்குபா என்றோ ஒரு பெயரைச் சொன்ன அளவில் அவையில் ஒரு பகுதியினருக்கேனும் கதை முழுவதும் நினைவுக்கு வந்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

அதே நாடகத்தில் தொன்மப் பெயர்கள் வெறும் அணியாக நிற்கும் இடமும் உண்டு. மூன்றாம் அங்கத்தில் நடிகர்கள் அரசன் முன் நடிக்கும் உள்நாடகத்தில், நாடக மன்னன் தன் மணவாழ்வு முப்பது ஆண்டு நீண்டது என்பதைச் சொல்ல, கதிரவனாகிய ஃபீபஸின் தேர், கடற்கடவுள் நெப்டியூன், நிலமகள் டெல்லஸ், மணவினைத் தெய்வம் ஹைமன் ஆகிய நால்வரையும் அடுக்குகிறான். இவற்றை நீக்கிவிட்டாலும் அவன் சொன்ன பொருள் குறையாது. அவன் எத்தகைய மனிதன் என்பதும் இவற்றால் தெரியவராது. பழைய பாணி நாடகம் என்று அவையினர் உடனே அறிந்துகொள்வதற்காகவே ஷேக்ஸ்பியர் இவ்வாறு எழுதினார் எனலாம். இந்த அலங்காரப் பேச்சை அருகில் வைத்துப் பார்த்தால், ஹாம்லெட்டின் வாயில் வரும் பெயர்கள் வேறு வகையின என்பது விளங்கும். அவன் அவற்றை அளவுகோல்களாகக் கையாள்கிறான். தந்தை, தாய், சிற்றப்பன், தான் ஆகிய நால்வரையும் அவற்றால் அளந்து பார்க்கிறான். இருப்பதா இறப்பதா என்று மனித குலம் முழுவதற்குமாக அவன் எண்ணிப் பார்க்கும் புகழ்பெற்ற தனிமொழியில் தொன்மப் பெயர் ஒன்றும் வராதது இதனால்தான். அங்கே அளக்கப்பட வேண்டிய தனி மனிதர் எவரும் இல்லை.

முதல் தனிமொழியின் அளவுகோல்கள்

அவையோர் அனைவரும் வெளியேறிய பின் ஹாம்லெட் முதன்முறையாகத் தனித்துப் பேசும் முதல் அங்கத்து இரண்டாம் காட்சியில், சில அடிகளின் இடைவெளியில் ஹைப்பீரியன், சாட்டிர், நயோபி, ஹெர்க்குலிஸ் என்னும் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. தந்தையின் ஆவியை அவன் அதுவரை கண்டதில்லை; கொலை நடந்ததும் அவனுக்குத் தெரியாது. ஆகவே இந்த அளவைகள் எந்தச் சான்றையும் சாராதவை. அவன் துயரத்திலிருந்தும் வெறுப்பிலிருந்தும் மட்டுமே பிறந்தவை.

மறைந்த மன்னனை ஹைப்பீரியன் என்றும் சிற்றப்பன் கிளாடியஸைச் சாட்டிர் என்றும் அவன் எதிரெதிரே நிறுத்துகிறான். ஹைப்பீரியன் டைட்டன் எனப்பட்ட மூத்த தெய்வத் தலைமுறையைச் சேர்ந்தவன், கதிரவனின் தந்தை, மறுமலர்ச்சிக் காலப் புலவர் வழக்கில் கதிரவனாகவே கொள்ளப்பட்டவன். சாட்டிர் என்பது பாதி மனித உருவும் பாதி ஆட்டின் உருவும் கொண்டு, மதுக் கடவுளின் பின்னே திரியும் காமவெறி கொண்ட உயிர். கிளாடியஸின் குடியையும் அண்ணன் மனைவியை விரைந்து மணந்ததையும் குத்திக்காட்ட இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆயினும் ஹைப்பீரியன் என்ற பெயர் ஹாம்லெட் எண்ணாத ஒன்றையும் கொண்டுவருகிறது. டைட்டன்கள் இளைய தெய்வங்களால் வீழ்த்தப்பட்டு ஆட்சி இழந்தவர்கள்; தந்தையின் ஒளியைப் புகழ எடுத்த பெயருக்குள்ளேயே அரியணை பறிபோன கதையும் அடங்கியிருக்கிறது.

மேலும், இதே காட்சியில் சிறிது நேரம் கழித்து ஹொரேஷியோ வந்து, மறைந்தவர் நல்ல மன்னர் என்று சொல்லும்போது, அவர் எல்லா வகையிலும் ஒரு மனிதர் என்றே ஹாம்லெட் விடை கூறுகிறான். தனிமையில் தந்தை தெய்வம். நண்பன் முன்னே அவர் மனிதர். தன் மிகையுரையைத் தானே அறிந்திருந்தும் தனிமையில் அதை விட முடியாத நிலை, அவன் துயரத்தின் இயல்பை அவன் வாயாலேயே உணர்த்திவிடுகிறது.

தாயைப் பற்றிய நயோபி ஒப்புமை இன்னும் நுட்பமானது. கணவனின் உடலுக்குப் பின்னே கண்ணீர் வழிய நடந்தபோது அவள் அணிந்திருந்த காலணி பழையதாவதற்குள், ஒரு மாதத்திலேயே, மறுமணம் நடந்துவிட்டது என்பதே ஹாம்லெட்டின் குமுறல். நயோபி தீப்ஸ் நகரத்து அரசி. ஓவிடின் நூலில் அவளுக்கு ஏழு ஆண்மக்களும் ஏழு பெண்மக்களும் இருக்கிறார்கள். இரண்டு மக்களை மட்டும் பெற்ற லட்டோனாவைவிடத் தானே மேலானவள் என்று செருக்கிப் பேசியதனால், அந்த இருவராகிய அப்பாலோவும் டயானாவும் எய்த அம்புகளுக்கு அவள் மக்கள் அனைவரும் இரையாகிறார்கள். துயரத்தால் அவள் கல்லாகிறாள். கல்லான பின்னும் கண்ணீர் நிற்கவில்லை.

தாய் கெர்ட்ரூட்டின் கண்ணீர் உலர்ந்துவிட்டது. நயோபியின் கண்ணீர் என்றும் உலராதது. ஹாம்லெட் எண்ணிய முரண் இதுவே. ஆனால் டென்மார்க் அரண்மனையில் கல்லாய்ச் சமைந்து, துக்க உடையைக் களைய மறுத்து, பிறர் எல்லாரும் களிக்கும்போது தான் மட்டும் கண்ணீரை நிறுத்தாமல் நிற்பவன் ஹாம்லெட்தான். தாய் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று காட்ட அவன் எடுத்த உருவம் தாய்க்குப் பொருந்தாமல் மகனுக்கே பொருந்திவிடுகிறது. அதற்கும் மேலாக, நயோபி முதன்மையாக மக்களை இழந்து அழுதவள். கணவனுக்காக அழாத தாயைக் கடிய வந்த ஒப்புமை, மகன் இறக்கப் போகும் தாயின் கதையாக அமைந்திருப்பதை அவன் அறியவில்லை.

இறுதியாக வருவது ஹெர்க்குலிஸ். தன் தந்தைக்கும் சிற்றப்பனுக்கும் உள்ள ஒற்றுமை, தனக்கும் ஹெர்க்குலிஸுக்கும் உள்ள ஒற்றுமை போன்றதே என்று ஹாம்லெட் கூறுகிறான். அதாவது, ஒற்றுமை சிறிதும் இல்லை என்கிறான். இவ்வாக்கியம் அளக்க வந்தது கிளாடியஸை. ஆனால் யாரும் கேளாமலே அவன் தன்னையும் தராசில் ஏற்றித் தாழ்ந்தவனாகத் தீர்த்துக்கொள்கிறான். செய்ய வேண்டிய செயல் எதுவென்று அறியும் முன்பே, பெருஞ்செயல்களின் வீரன் தான் அல்லன் என்ற முடிவு அவன் மனத்தில் இருக்கிறது. பிற்காலத் திறனாய்வாளர் அவன் தயக்கத்துக்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு சென்றனர். பழிவாங்கும் கட்டளை வருவதற்கு முன்பே அதன் வித்து இங்குக் கிடப்பதைக் கருத்தில் கொள்வது நன்று.

சிங்கமும் களையும்

நள்ளிரவில் கோட்டை மதிலின் மேல் ஆவி கைகாட்டி அழைக்க, பின்செல்ல வேண்டாம் என்று நண்பர்கள் பிடித்து நிறுத்தும்போது, தன் உடலின் சிறிய நரம்பு ஒவ்வொன்றும் நெமியாவின் சிங்கத்தினது போல் வலிமை பெற்றுவிட்டது என்று ஹாம்லெட் முழங்குகிறான். நெமியாவின் சிங்கத்தைக் கொன்றதே ஹெர்க்குலிஸின் பன்னிரு பெருஞ்செயல்களுள் முதலாவது. அதன் தோலை எந்தப் படைக்கலமும் துளைக்காமையால் அவன் அதைக் கைகளால் நெரித்துக் கொன்றான். துணிவின் உச்சத்தில் நிற்கும் இந்தக் கணத்திலும் ஹாம்லெட் ஹெர்க்குலிஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் கையில் இறந்த விலங்கைத் தேர்ந்தெடுக்கிறான். அவன் வீரத்தில் ஐயமில்லை. ஆயினும் அழிவுக்கு உரிய உயிரின் வீரமாகவே அவன் நாவில் அது வருகிறது.

அடுத்த காட்சியில் தொன்மத்தைக் கையாள்பவர் தந்தையின் ஆவி. தான் கிளாடியஸால் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டும் கிளர்ந்தெழாவிட்டால், லீத்தி ஆற்றங்கரையில் சோம்பி வேரூன்றிக் கிடக்கும் கொழுத்த களையைவிட நீ மந்தமானவன் என்று அது மகனை எச்சரிக்கிறது. லீத்தி என்பது கீழுலகத்து ஆறு. அதன் நீரைப் பருகியவர் பழையன யாவும் மறப்பர். பாவம் கழியும்வரை நெருப்பில் வாடும் கிறித்தவ மரபின் ஆவி, கிரேக்கரின் மறதி ஆற்றைச் சுட்டுவது முரணாகத் தோன்றினாலும், அதன் அச்சம் முழுவதும் மறதியைப் பற்றியதே என்பதால் உருவகம் பொருந்துகிறது. தன்னை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு அது மறைகிறது. உடனே ஹாம்லெட், நினைவென்னும் ஏட்டிலிருந்து நூல்களில் கற்ற பொன்மொழிகள் அனைத்தையும் துடைத்துவிட்டு இக்கட்டளை ஒன்றை மட்டும் எழுதிவைப்பதாகச் சூளுரைக்கிறான்.

இச்சூளுரையை நாடகத்தின் எஞ்சிய பகுதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நூல்களை மறப்பேன் என்றவன் அடுத்த இரண்டு அங்கங்களிலும் நூல்களின் வழியாகவே சிந்திக்கிறான். ஹெக்குபா, வல்கன், ஜோவ், மார்ஸ், மெர்க்குரி என்று பெயர்கள் குறையாமல் தொடர்கின்றன. தந்தையின் கட்டளையை அவன் மறக்கவில்லை; ஆனால் கற்றதைத் துடைக்கவும் அவனால் இயலவில்லை. ஆவி அஞ்சியது மறதியை. உண்மையில் தடையாக நின்றது மறக்க முடியாத கல்வி.

பிர்ரஸும் ஹெக்குபாவும்

இரண்டாம் அங்கத்தில் அரண்மனைக்கு நடிகர்கள் வந்தபோது, அவர்களுள் தலைவனிடம் ஈனியஸ் டைடோவுக்குச் சொல்லும் டிராய்க் கதையை ஒப்பிக்குமாறு ஹாம்லெட் கேட்கிறான். அதிலும் மன்னன் பிரியாம் கொல்லப்படும் பகுதியே வேண்டும் என்கிறான். முதல் அடிகளைத் தானே மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கி, பிர்ரஸை விலங்குக்கு ஒப்பிட்டுத் தவறி, திருத்திக்கொண்டு தொடர்கிறான். எத்தனையோ கதைகள் இருக்க இதனை அவன் தேர்ந்ததே ஒரு வெளிப்பாடு. பிர்ரஸ் அக்கிலிஸின் மகன். தந்தையைப் பாரிஸின் அம்புக்கு இழந்தவன். பழிவாங்க வந்து, பாரிஸின் தந்தையாகிய முதிய மன்னனைக் கொல்பவன். கடமையை நிறைவேற்றிய மகன் ஒருவனைக் காண வேண்டும் என்பதே ஹாம்லெட்டின் வேட்கை என்று முதலில் தோன்றும்.

ஆனால் அவன் கேட்டு மகிழும் பேச்சு பிர்ரஸைப் புகழவில்லை. கரிய கவசம் அணிந்தவனும், அதைப் போன்றே கரிய நோக்கம் உடையவனுமாகிய அவன், தந்தையர், தாயர், மகளிர், மைந்தர் ஆகியோரின் குருதியில் தோய்ந்து தெருவில் அலைகிறான். இரக்கம் முழுவதும் வாளைத் தூக்கவும் வலுவற்ற கிழவன் பிரியாமின் பக்கமே இருக்கிறது. பழிவாங்குதலை ஹாம்லெட் வெட்டுபவன் பக்கத்திலிருந்து பாராமல் வெட்டுண்டவன் பக்கத்திலிருந்து பார்க்கிறான். அந்தக் குருதிப் பட்டியல் அவனுக்கே திரும்பி வருகிறது: நாடகம் முடியும் முன் பொலோனியஸ் என்னும் தந்தை, அவன் மகள் ஒஃபீலியா, அவன் மைந்தன் லேயர்ட்டீஸ், கெர்ட்ரூட் என்னும் தாய் ஆகிய நால்வரின் இறப்பிலும் அவனுக்குப் பங்கு உண்டாகிறது.

இப்பேச்சில் ஷேக்ஸ்பியர் சேர்த்த ஒரு நிகழ்ச்சி தனித்து நோக்கத்தக்கது. வர்ஜிலின் ‘ஈனியட்’ இரண்டாம் பாகத்தில் பிர்ரஸ் தயங்குவதில்லை. மகனின் குருதியில் வழுக்கும் கிழவனைப் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்று குத்துகிறான். நாடகத்திலோ, இலியம் கோட்டை இடிந்து விழும் ஓசையால் பிர்ரஸின் ஓங்கிய வாள் காற்றில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்க, ஓவியத்தில் தீட்டிய கொடுங்கோலனைப் போல அவன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். சிறு அமைதிக்குப் பின் வாள் இறங்குகிறது. மூன்றாம் அங்கத்தில் கிளாடியஸ் மண்டியிட்டுத் தொழும்போது அவன் பின்னே வாளை உருவி நிற்கும் ஹாம்லெட், இறங்காத வாளோடு வெளியேறுகிறான். தொழுகை இடத்தில் கொல்ல அவன் மனம் ஒவ்வவில்லை என்பதன்று காரணம். தொழுபவன் ஆன்மா விண்ணுலகு சேர்ந்துவிடும் என்பதே அவன் சொல்லும் காரணம். எதிரியைத் தேவாலயத்திலும் கழுத்தறுப்பேன் என்று பின்னர்ச் சூளுரைக்கும் லேயர்ட்டீஸ்தான் பலிபீடத்தில் கொன்ற பிர்ரஸுக்கு நெருங்கிய உறவு. அந்தப் பிர்ரஸும் ஒரு பலிபீடத்தின் அருகிலேயே ஒரெஸ்டீஸின் கையால் மடிந்தான் என்று ‘ஈனியட்’ மூன்றாம் பாகம் கூறுவதையும் இங்கு நினைக்கலாம்.

பேச்சின் இறுதியில் வரும் ஹெக்குபா, கணவன் வெட்டுண்பதைக் கண்டு அலறும் அரசி. ஹாம்லெட் தன் தாயிடம் காண விரும்பியும் காணாத துயரம் அவளிடம் இருக்கிறது. ஆயினும் அவன் மனத்தைத் தாக்குவது அவளன்று. அவளுக்காகக் கண்ணீர் விடும் நடிகன். தனக்கு உறவே இல்லாத ஒருத்திக்காக ஒருவன் முகம் வெளுத்து அழும்போது, உண்மைக் காரணம் உடைய தான் வாளாவிருப்பது ஏன் என்று தன்னைப் பழித்துக்கொள்கிறான். பிர்ரஸைப் போல் செயல்படாததற்காக அவன் வெட்கப்படவில்லை; நடிகனைப் போல் உணர்ச்சிவயப்படாததற்காக வெட்கப்படுகிறான். முன்மாதிரியாக வீரன் ஒருவனைத் தேடிப் புறப்பட்டவன், நடிகனை முன்மாதிரியாக்கிக்கொண்டு, பழிவாங்கலுக்கு மாற்றாக ஒரு நாடகத்தை ஏற்பாடு செய்கிறான்.

வல்கனின் பட்டறை

அந்த நாடகம் தொடங்கும் முன் ஹொரேஷியோவிடம், அரசன் முகத்தில் குற்றம் வெளிப்படாவிட்டால் தாம் கண்டது தீய ஆவியே என்றும், தன் கற்பனைகள் வல்கனின் பட்டறையைப் போல் கரி படிந்தவை என்றும் ஹாம்லெட் சொல்கிறான். வல்கன் கடவுளருக்குப் படைக்கலம் செய்யும் கொல்லன்; அவன் உலைக்கூடம் புகையும் கரியும் நிறைந்தது. தன் மனம் மாசுபட்டிருக்கக்கூடும் என்ற நேர்மையான ஐயமே ஹாம்லெட் சொல்ல வந்தது. ஆனால் வல்கன் என்ற பெயரோடு இன்னொரு கதையும் வருகிறது. அவன் மனைவி வீனஸ் மார்ஸோடு கள்ள உறவு கொண்டபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வலையைப் பின்னி, இருவரையும் சிக்கவைத்து, தேவர் அனைவர் முன்னும் காட்சிப்படுத்தியவன் அவன். முறையற்ற உறவில் இணைந்த ஓர் அரசனையும் அரசியையும் அவையின் நடுவே அமர்த்தி, தான் ‘எலிப்பொறி’ என்று பெயரிட்ட நாடகத்தால் சிக்கவைக்க முயலும் இளவரசன் செய்வதும் அதுவே. காட்சிப்படுத்துவதோடு வல்கனின் பழி தீர்ந்தது. ஹாம்லெட்டும் பொறியில் எலி சிக்கியதைக் கண்டு பெருமகிழ்ச்சி கொள்கிறானே தவிர, சிக்கியதைக் கொல்லவில்லை.

அன்னையின் அறையில் இரு படங்கள்

மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில், இரு உடன்பிறந்தாரின் உருவப்படங்களையும் தாய்க்குக் காட்டி ஹாம்லெட் பேசுகிறான். முதல் தனிமொழியில் ஒரே பெயரில் அடங்கிய தந்தை இப்போது நால்வராகப் பெருகுகிறார்: சுருள்முடி ஹைப்பீரியனுடையது, நெற்றி ஜோவினுடையது, கண் போர்க்கடவுள் மார்ஸினுடையது, நின்ற நிலை வானளாவிய குன்றின் மேல் அப்போதுதான் வந்திறங்கிய தூதன் மெர்க்குரியினுடையது. ஒவ்வோர் உறுப்பும் ஒரு தெய்வத்திடமிருந்து பெற்றதனால், அப்படத்தில் மனித முகம் என்று ஒன்று எஞ்சவில்லை. ஆவியோ தன் வாழ்நாளில் செய்த குற்றங்களுக்காக நெருப்பில் வருந்துவதாகவும், பாவ மன்னிப்புப் பெறாமல் இறந்ததாகவும் தானே சொல்லியிருக்கிறது. தந்தை தன்னைப் பாவி என்கிறார். மகன் அவரைத் தெய்வம் என்கிறான். தாயிடம் பேசும்போது அவனுக்குத் தந்தை வேண்டியதில்லை. தாயின் தேர்வைக் குற்றமெனக் காட்டும் உயரம் ஒன்றே வேண்டும். மார்ஸின் கண் என்று புகழும்போது, வல்கனின் வலையில் சிக்கியவனும் மார்ஸே என்பதை அவன் மறந்துவிடுகிறான்.

மெர்க்குரியின் உருவம் தனிக் கவனத்துக்கு உரியது. ‘ஈனியட்’ நான்காம் பாகத்தில், டைடோவின் காதலில் தன் கடமையை மறந்திருக்கும் ஈனியஸுக்கு ஜூப்பிட்டரின் கட்டளையைக் கொண்டுவரும் மெர்க்குரி, வழியில் அட்லஸ் மலையின் மேல் இறங்குகிறான். ஈனியஸ் கதையை விரும்பிக் கேட்ட ஹாம்லெட், தந்தையின் கம்பீரத்தைச் சொல்ல அந்தக் காட்சியையே தன்னை அறியாமல் எடுக்கிறான். சில நொடிகளில் ஆவி அறைக்குள் தோன்றி, மழுங்கிக்கொண்டிருக்கும் அவன் நோக்கத்தைத் தீட்டவே வந்ததாகச் சொல்கிறது. கடமையை நினைவூட்ட வரும் தூதனைப் புகழுரைக்காக அவன் அழைத்தான். தூதன் கட்டளையோடு வந்தேவிட்டான்.

கிளாடியஸ் சொல்லாத பெயர்கள்

இவ்வளவு பெயர்களுக்கும் நடுவே கிளாடியஸின் பேச்சில் கிரேக்கக் கடவுளோ வீரனோ பெயர் சொல்லி அழைக்கப்படுவதில்லை. நார்மண்டி நாட்டுக் குதிரைவீரன் ஒருவன் குதிரையோடு ஒரே உடலாக ஒன்றிவிட்டான் என்று நான்காம் அங்கத்தில் லேயர்ட்டீஸிடம் அவன் வியந்து சொல்லும்போதும், பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டாரின் உருவத்தை முழுவதும் வரைந்துவிட்டுப் பெயரை மட்டும் சொல்லாமல் நகர்கிறான். அவனுக்கு ஒப்புமை தன் வேலை முடிவதற்கான கருவி. இங்கே லேயர்ட்டீஸின் வாள்திறமையைத் தூண்டிவிடுவதே வேலை. தனித்துத் தொழும் காட்சியில் மட்டும் அவன் ஒரு பழங்கதையைத் தொடுகிறான்; அது விவிலியத்தில் வரும் முதற்கொலை, உடன்பிறந்தானைக் கொன்ற காயினின் கதை. அந்த ஒப்புமையில் மிகையும் இல்லை, குறையும் இல்லை. தன்னைப் பற்றிய உண்மையைக் கிளாடியஸ் சரியாக அளந்துவிடுகிறான். ஆனால் அளந்ததன்படி நடக்க அவனால் முடியவில்லை. ஹாம்லெட்டோ அளப்பதை நிறுத்த முடியாமல் தவிக்கிறான். இருவரின் வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று நாடகத்தில் அரிது.

கல்லறைக் குழியில் மலைகள்

ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில், கல்லறைத் தோட்டத்தில் மண்டையோடுகளைப் பார்த்து நிற்கும் ஹாம்லெட், அலெக்சாந்தரின் உடல் மண்ணாகி ஒரு பீர்ப் பீப்பாயின் துளையை அடைக்கப் பயன்படலாம் என்றும், சீசரின் களிமண் சுவரின் ஓட்டையைப் பூசலாம் என்றும் எண்ணிப் பார்க்கிறான். அளவுகோல்களாக விளங்கிய பெருமக்கள் இங்கே அளக்கப்படும் மண்ணாகிவிடுகிறார்கள். இந்த எண்ணத்தின் சூடு தணியும் முன்பே ஒஃபீலியாவின் உடல் வருகிறது. தங்கையின் குழியில் குதித்த லேயர்ட்டீஸ், பீலியன் மலையையும் ஒலிம்பஸின் நீலச் சிகரத்தையும் விஞ்சும்வரை தங்கள் இருவர் மேலும் மண்ணைக் குவிக்கச் சொல்கிறான். வானுலகைத் தாக்க மலையின் மேல் மலையை அடுக்கி, தேவர்களால் அழிந்த அரக்கரின் கதை இது. ஹாம்லெட் வெளிப்பட்டு, ஓசா மலை பாலுண்ணியைப் போல் சிறுக்கும்வரை மண்ணைக் குவிக்கட்டும் என்று எதிர்முழக்கம் இடுகிறான். அவனும் குழிக்குள் குதித்தான் என்று 1603-ஆம் ஆண்டுப் பதிப்பின் மேடைக் குறிப்பு சொல்கிறது.

லேயர்ட்டீஸ் மெய்யாகவே இப்படி உணர்பவன். தொன்மம் அவனுக்கு முழக்கத்தின் இயல்பான மொழி. ஹாம்லெட்டோ அதே மொழியை எடுத்து, அதைவிட ஒரு மலை கூட்டி, அதன் பொய்ம்மையை வெளிச்சமாக்குகிறான். தன் முந்தைய மிகையுரைகள் எல்லாம் வேறொருவன் வாயில் ஒலிப்பதை அவன் கேட்டதாகவே கொள்ளலாம். அக்காட்சியை விட்டு நீங்கும்போது அவன் கடைசியாகச் சொல்லும் தொன்மப் பெயர் ஹெர்க்குலிஸ்: ஹெர்க்குலிஸே வந்து எதைச் செய்தாலும் பூனை கத்தத்தான் செய்யும், நாய்க்கும் ஒரு நாள் வரும் என்கிறான். முதல் தனிமொழியில் தான் எட்ட முடியாத உயரமாக நின்ற வீரன், இங்கே தெருவிலங்குகளின் இயல்பையும் மாற்ற இயலாதவனாகச் சுருங்கிவிடுகிறான். மாறியவன் ஹெர்க்குலிஸ் அல்லன். அவனை அளவாகக் கொள்ளும் தேவை ஹாம்லெட்டுக்கு முடிந்துவிட்டது.

அளவுகோல் இல்லாத இறுதி

இறுதிக் காட்சியில் ஹாம்லெட்டின் பேச்சில் கிரேக்க, உரோமானியக் கடவுளரோ வீரரோ ஒருவரும் வருவதில்லை. லேயர்ட்டீஸுடனான வாட்போட்டிக்கு முன் மனம் கலங்குவதை ஹொரேஷியோவிடம் ஒப்புக்கொள்ளும்போது, குருவி ஒன்று விழுவதிலும் இறைவனின் ஏற்பாடு உண்டு என்னும் விவிலியக் கருத்தே அவனுக்குப் போதுமாயிருக்கிறது. ஆவியின் முன் செய்த சூளுரை, நூலறிவைத் துடைப்பேன் என்ற சூளுரை, அவன் எண்ணாத வேளையில் எண்ணாத வகையில் நிறைவேறிவிட்டது. அதன் பின்னரே அவன் கை செயல்படுகிறது என்பது தற்செயல் அன்று. பெரியோருடன் தன்னை ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அவனுக்குச் செயல் என்பது ஒருவருக்கு நிகராவதாக இருந்தது. ஒப்பீடு ஒழிந்தபோது அது அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்வதாகிவிட்டது. கல்வி அவன் குறை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கற்ற கதைகளின் வழியாக அன்றி வேறு எவ்வழியிலும் அவன் தன் துயரத்தை அறிந்திருக்க முடியாது. அறிந்தபின் அக்கதைகளே அவனைக் கட்டிப் போட்டன என்பதுதான் துன்பியலின் முடிச்சு.

அவன் இறக்கும் தறுவாயில் ஹொரேஷியோ, தான் டென்மார்க்கினனைவிடப் பழைய உரோமானியனே என்று சொல்லி, எஞ்சிய நஞ்சைக் குடிக்கக் கிண்ணத்தை எடுக்கிறான். தலைவன் வீழ்ந்தபின் தற்கொலையை மேன்மையாகக் கருதிய உரோமானிய முன்மாதிரியைப் பின்பற்ற விரும்புபவன் இப்போது நண்பன். அக்கிண்ணத்தைப் பிடுங்குபவன் ஹாம்லெட். நூலில் கண்ட மாந்தரைப் போல் வாழவும் சாகவும் முயன்றதன் விலையை அறிந்தவன், அவ்விலையை நண்பன் கொடுக்க விடவில்லை. உயிரோடிருந்து தன் கதையை உள்ளவாறு சொல்லுமாறு கேட்கிறான். நார்வே இளவரசன் ஃபார்ட்டின்பிராஸின் முன் ஹொரேஷியோ அக்கதைக்கு முன்னுரை கூறும்போது, முறைகேடான செயல்கள், குருதி சிந்தல்கள், தற்செயலாக நேர்ந்த கொலைகள், வகுத்தவர் தலையிலேயே விழுந்த சூழ்ச்சிகள் என்று நிகழ்ந்தவற்றை மட்டுமே வரிசையாகச் சொல்கிறான். ஹைப்பீரியனும் நயோபியும் ஹெர்க்குலிஸும் அச்சுருக்கத்தில் இல்லை. நாடகம் முழுவதும் அப்பெயர்களின் வழியாக ஒரு மனத்தை உள்ளிருந்து கண்ட அவையினருக்கு, நிகழ்ச்சிகளின் இந்தச் சரியான பட்டியலில் ஹாம்லெட் இல்லை என்பது தெரியும். தொன்மக் குறிப்புகள் இந்நாடகத்துக்குச் செய்திருக்கும் பணி எவ்வளவு என்பதை அந்த இடைவெளியைக் கொண்டே மதிப்பிடலாம்.